பெண்களுக்கான உதவுதொகைகளும் ‘வலுவூட்டல்’ என்னும் கருத்தும்: ஒரு விமரிசன நோக்கு

பெண்களினதும் சிறுமியரினதும் முன்னேற்றத்தை நோக்கமாகக் கொண்ட சமூகச் செயற்றிட்டங்களுக்கு உதவுதொகை வழங்கும் முறைமை, கடந்த ஐந்து தசாப்தங்களில் தென்னாசியக் கிராமிய வாழ்வின் நிலையான அம்சங்களுள் ஒன்றாகிவிட்டது. தையற் பயிற்சி, கோழி வளர்ப்பு, சிறுமியருக்கான கல்வி உதவி, சட்ட ஆலோசனை, முதியோர் எழுத்தறிவு எனப் பல்வேறு துறைகளில் இவ்வுதவுதொகைகள் செலவிடப்படுகின்றன. வழங்குவோருள் ஐக்கிய நாடுகள் தாபனத்தின் கிளை நிறுவனங்களும் உளர்; மேலை நாட்டு அரசாங்கங்களும் உள; தனியார் அறக்கட்டளைகளும் உள. இவை யாவற்றையும் ஒருங்கிணைக்கும் சொல்லாக ‘வலுவூட்டல்’ என்பது வழங்கி வருகிறது.

இம்முறைமை குறித்து நம்மிடையே இருவகை நோக்குகள் நிலவுகின்றன. செயற்றிட்ட அறிக்கைகளில் காணப்படுவது ஒன்று: இத்தனை பெண்களுக்கு இவ்வளவு பணம் சென்றது, ஆதலின் இத்தனை பெண்கள் வலுப்பெற்றனர் என்பது அதன் சாரம். முற்போக்காளர் பலரிடம் காணப்படுவது மற்றையது: அந்நியப் பணம் யாவும் ஏகாதிபத்தியத்தின் கையூட்டு, அது வர்க்கப் போராட்டத்தை மழுங்கச் செய்வது என்பது அதன் சாரம். ஜேம்ஸ் பெட்ராஸ் 1997 இல் இலத்தீன் அமெரிக்காவின் அரசசார்பற்ற நிறுவனங்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, இவ்விரண்டாவது நோக்கின் கூர்மையான வெளிப்பாடு எனலாம். அவரது கண்டனத்தில் உண்மை மிகுதி. ஆயினும், இவ்விரு நோக்குகளுக்கும் பொதுவான ஒரு குறைபாடு உண்டு. உதவுதொகையை எங்கும் ஒரே தன்மையதான பொருளாகவே இவ்விரண்டும் கொள்கின்றன. பணம் என்பது பொருளன்று, அது மனிதரிடையேயான உறவின் வடிவமே என்பதை மார்க்சியம் நமக்குக் கற்பித்துள்ளது. எனவே, ஓர் உதவுதொகை எத்தகையது என்பதை அறிய வேண்டின், அது எத்தகைய உறவினுள் வழங்கப்படுகின்றது என்பதையே ஆராய்தல் வேண்டும். தேவையை வரையறுப்பவர் யார், நிபந்தனையை விதிப்பவர் யார், கணக்கு யாரிடம் ஒப்புவிக்கப்படுகின்றது, பணம் நின்றபின் எஞ்சுவது யாது என்னும் நான்கு வினாக்களும் இவ்வாய்வுக்கு அடிப்படையாக அமைவன. பங்களாதேசம், இந்தியா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் அனுபவங்களைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முயல்கின்றது.

1. சொல்லின் வரலாறு

முதலிற் சொல்லை நோக்குவோம். இலங்கைத் தமிழில் ‘வலுவூட்டல்’ என்றும், தமிழ்நாட்டில் ‘அதிகாரமளித்தல்’ என்றும் வழங்குவது ஒரே ஆங்கிலச் சொல்லின் மொழியாக்கமே. இவ்விரண்டும் பிறவினைப் பொருள் தருவன என்பது மனங்கொள்ளத்தக்கது. ஊட்டுபவர் இன்றி ஊட்டல் இல்லை. அளிப்பவர் இன்றி அளித்தல் இல்லை. தானாக உண்ண இயலாத குழந்தைக்கே நாம் உணவை ஊட்டுகிறோம். ஆகவே, பெண்ணைப் பெறுபவளாகவும், வேறொருவரைத் தருபவராகவும் நிறுத்தும் உறவொன்று நமது சொல்லிலேயே அமைந்துவிடுகிறது.

ஆனால் இக்கருத்து தோன்றியபோது அதன் பொருள் இதுவன்று. ஐக்கிய அமெரிக்காவிற் குடியுரிமை இயக்கத்தின் பின்னணியில், ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களிடையே சமூகப்பணி புரிவது பற்றி பார்பரா சொலமன் எழுதிய நூல் 1976 இல் வெளிவந்தபோது, இச்சொல் அதன் தலைப்பிலேயே இடம்பெற்றது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரேயிரியின் விழிப்புணர்வுக் கல்விச் சிந்தனையும் இதே காலப்பகுதியில் ஆசிய, ஆபிரிக்க நாடுகளிற் பரவியது. 1984 இல் பெங்களூரில் ஒன்றுகூடிய மூன்றாம் உலகப் பெண் ஆய்வாளர்களின் வலையமைப்பும், அதன் சார்பில் கீதா சென், கரென் குறோன் ஆகியோர் எழுதிய நூலும் இக்கருத்தைப் பெண்விடுதலையோடு இணைத்தன. கடன்சுமை, உணவு நெருக்கடி, இராணுவமயமாக்கம் ஆகியவற்றை ஆராய்ந்த அவர்கள், வறிய பெண்களின் நிலையிலிருந்தே அபிவிருத்தியை மதிப்பிட வேண்டும் எனவும், பெண்கள் தமது சொந்த அமைப்புகளின் மூலமே மாற்றத்தை ஈட்ட முடியும் எனவும் வாதிட்டனர். சிறீலதா பட்லிவாலா 1993 இல் தென்னாசிய அனுபவங்களைத் தொகுத்து எழுதியபோது, அதிகாரம் என்பதை வளங்களின் மீதான கட்டுப்பாடு, கருத்தியலின் மீதான கட்டுப்பாடு என்னும் இரண்டையும் கொண்டு விளக்கினார். ஆகவே, இச்சொல் அதன் தோற்றத்தில் ஈட்டுதலைக் குறித்ததேயன்றி ஊட்டுதலைக் குறித்ததன்று.

1995 ஆம் ஆண்டின் பீஜிங் மாநாட்டுக்குப் பின் இச்சொல் அரசாங்கங்களினதும் உலக வங்கியினதும் ஆவணங்களிற் சரளமாக இடம்பெறலாயிற்று. அவ்வேளையில் அதிலிருந்து வளங்களின் பங்கீடு பற்றிய பொருள் மெல்ல மெல்ல நீங்கி, தனிப்பட்ட பெண்ணின் தன்னம்பிக்கை, தொழில்முனைவு என்பன அதன் பொருளாகின. ஒரு சொல்லின் பொருள்மாற்றம் மொழிக்குள் மாத்திரம் நிகழ்வதன்று. அமைப்புச் சீராக்கல் என்னும் பெயரில் அரசுகள் சமூகநலச் செலவினங்களைக் குறைத்த அதே தசாப்தங்களில் இப்பொருள்மாற்றம் நிகழ்ந்தமை தற்செயலானதன்று.

2. செயற்றிட்டம் என்னும் வடிவம்

பெண்களுக்கெனத் தனியான சர்வதேச நிதி ஏற்பட்டமை 1975 ஆம் ஆண்டின் சர்வதேசப் பெண்கள் ஆண்டோடும் மெக்சிக்கோ மாநாட்டோடும் தொடர்புடையது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், எஸ்டர் பொசெறப் என்னும் டென்மார்க் நாட்டுப் பொருளியலாளர், காலனித்துவமும் நவீனமயமாக்கமும் ஆபிரிக்க, ஆசியப் பெண்களைப் பயிர்ச்செய்கையின் மையத்திலிருந்து ஓரத்துக்குத் தள்ளியமையை எடுத்துக்காட்டியிருந்தார். 1976 முதல் 1985 வரையான காலம் பெண்கள் தசாப்தமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, அதற்கென ஒரு தன்னார்வ நிதியம் நிறுவப்பட்டது. அதுவே பின்னர் பெண்களுக்கான அபிவிருத்தி நிதியமாகி, 2010 இல் ஐக்கிய நாடுகளின் பெண்கள் அமைப்பினுள் ஒன்றிணைக்கப்பட்டது. அரசுகளுக்கு வெளியேயும், 1983 இல் நெதர்லாந்திலும் 1987 இல் கலிபோர்னியாவிலும் பெண்ணிலைவாதிகளே முன்னின்று பெண்களுக்கான நிதியங்களைத் தோற்றுவித்தனர்.

இந்நிதிகள் கிராமத்தை அடைவதற்கு ஒரு வடிவம் தேவைப்பட்டது. ‘செயற்றிட்டம்’ என நாம் அழைப்பது அவ்வடிவத்தையே. அதன் இயல்பை விளங்கிக்கொள்வதற்கு, விண்ணப்பங்களோடு இணைக்கப்படும் தருக்கச் சட்டகம் என்னும் அட்டவணையை நோக்குதல் பயன்தரும். 1969 இல் ஐக்கிய அமெரிக்காவின் சர்வதேச அபிவிருத்தி முகவரகத்துக்காக உருவாக்கப்பட்ட இவ்வட்டவணை, பின்னர் ஏனைய கொடையாளராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் மூல வடிவத்தில் நான்கு நிரல்கள் உள. முதல் நிரலில் நோக்கமும் வேலைகளும், இரண்டாவதில் அளவிடத்தக்க குறிகாட்டிகளும், மூன்றாவதில் அவற்றைச் சரிபார்க்கும் வழிகளும் எழுதப்படும். இறுதி நிரல் எடுகோள்களுக்கு உரியது. செயற்றிட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டனவும், ஆனால் அதன் வெற்றிக்கு இன்றியமையாதனவுமான நிலைமைகளை அங்கு எழுதுதல் வேண்டும்.

ஒரு கிராமத்துப் பெண்களுக்கு மிளகாய்ச் செய்கையிற் பயிற்சியளிக்கும் செயற்றிட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பயிற்சி பெற்றோர் தொகை இரண்டாம் நிரலில் இடம்பெறும். நிலம் எவரிடம் உள்ளது, அறுவடைக் காலத்தில் இறக்குமதி மிளகாய் சந்தையை நிரப்புமா, வியாபாரி என்ன விலை கொடுப்பான், வீட்டு வேலையை யார் பகிர்ந்துகொள்வார் என்னும் வினாக்கள் எழுதப்படுமாயின், அவை எடுகோள் நிரலிலேயே இடம்பெறும். அதாவது, உற்பத்தி உறவுகளும் குடும்ப உறவுகளும் மாற்றப்பட வேண்டியவையாகவன்றி, மாறாது நிற்குமெனக் கொள்ளப்பட்டவையாக ஓரத்தில் ஒதுக்கப்படுகின்றன. இது எந்தத் தனி உத்தியோகத்தரின் தீய எண்ணத்தாலும் நிகழ்வதன்று. குறித்த காலத்தில், குறித்த தொகையில், அளவிடத்தக்க விளைவைக் காட்ட வேண்டும் என்னும் வடிவத்தின் நிர்ப்பந்தமே இதற்குக் காரணம். கணக்கும் அறிக்கையும் கிராமத்திலிருந்து மேல்நோக்கிச் செல்கின்றன. கீழ்நோக்கி வருவது அரிது. அறிக்கையில் அப்பெண்களுக்கு வழங்கப்படும் பெயர் ‘பயனாளிகள்’ என்பதாகும்.

பெண்ணிலைவாத ஆய்வாளர் மக்ஸீன் மொலினியூ 1985 இல் நிக்கராகுவாப் புரட்சியின் அனுபவத்தைக் கொண்டு, பெண்களின் நடைமுறை நலன்களையும் கேந்திர நலன்களையும் வேறுபடுத்திக் காட்டினார். நீர், உணவு, வருமானம் என்பன முதல்வகையின. பால்ரீதியான வேலைப்பிரிவினையையும் ஆணாதிக்கத்தையும் மாற்றுவது இரண்டாம் வகையினது. உதவுதொகை முதலாவதை நிறைவேற்றி அங்கேயே நின்றுவிடுகின்றதா, அன்றி அதன் வழியே இரண்டாவதற்குப் பாதை திறக்கின்றதா என்பதே நமது பிரச்சினை.

3. சிறுமியின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு

உதவுதொகை தனிப்பட்ட சிறுமிக்கு நேரடியாக வழங்கப்பட்ட மிகப் பெரிய முயற்சிகளுள் பங்களாதேசத்தின் இடைநிலைக் கல்வி உதவித் திட்டம் ஒன்றாகும். 1982 இல் ஷாராஸ்தி என்னும் ஓர் உபமாவட்டத்திற் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்ட இது, 1994 இல் நாட்டின் கிராமப்புறம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. அந்நாட்டு அரசாங்கத்துடன் உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் நோர்வே அரசும் செலவைப் பகிர்ந்துகொண்டன. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பயிலும் மாணவியருக்குச் சிறு தொகை வழங்கப்பட்டது. அத்தொகை தந்தையின் கையில் கொடுக்கப்படவில்லை. மாணவியின் பெயரிலேயே வங்கிக் கணக்குத் திறந்து அதில் இடப்பட்டது. நிபந்தனைகள் மூன்று: பாடசாலை நாட்களில் 75 சதவீத வரவு, பரீட்சையில் 45 சதவீதப் புள்ளி, இடைநிலைப் பரீட்சை முடியும்வரை மணமுடியாதிருத்தல்.

இத்திட்டத்தின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. பையன்களே பெரும்பான்மையினராக இருந்த இடைநிலை வகுப்புகளிற் சிறுமியர் அவர்களுக்குச் சமமாகவும், பின்னர் அவர்களை விஞ்சியும் இடம்பெறலாயினர். இதற்கு வேறு காரணங்களும் உளவெனினும், உதவித் திட்டத்தின் பங்கு பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டதே. நிலமற்ற விவசாயியின் மகள் ஒருத்தி தன் பெயர் பொறித்த வங்கிப் புத்தகத்தை வைத்திருந்தமை, அக்குடும்பத்தின் வரலாற்றிற் சிறிய நிகழ்ச்சியன்று.

ஆயின் மூன்றாம் நிபந்தனையை உற்று நோக்குதல் வேண்டும். இளவயது மணம் என்பது வறுமை, சீதனம், பாதுகாப்பின்மை, குடும்ப மானம் என்பன ஒன்றுசேர்ந்து உருவாக்கும் சமூக ஒழுங்கு. அதனை மாற்றும் பொறுப்பு இங்கு சிறுமியின் மீது சுமத்தப்பட்டது. மணமுடித்து வைத்தவர் பெற்றோர். உதவித்தொகையை இழந்தவள் சிறுமி. 2022 ஆம் ஆண்டின் தேசியக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, அந்நாட்டில் 20 முதல் 24 வயது வரையான பெண்களில் ஏறத்தாழ அரைப்பங்கினர் 18 வயதுக்கு முன்னரே மணமுடித்திருந்தனர். பாடசாலை வரவேடு மாறியது. பெற்றோரை அம்முடிவுக்குத் தள்ளிய நிலைமைகள் அந்த அளவுக்கு மாறவில்லை. கல்வி கற்ற தலைமுறைக்குத் தொழிற்சந்தை வைத்திருந்த இடத்தையும் மறத்தலாகாது. 2013 ஏப்ரல் 24 இல் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டிடம் இடிந்து வீழ்ந்தபோது 1,100 பேருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பான்மையோர் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள். பெண்ணுக்கு எழுத்தறிவு தேவை என்பதில் மூலதனத்துக்கும் விடுதலை இயக்கத்துக்கும் முரண்பாடில்லை. அவ்வெழுத்தறிவு எதற்குப் பயன்படும் என்பதிலேயே முரண்பாடு தொடங்குகின்றது.

தனியாளுக்கு வழங்கப்படும் நிபந்தனையுடனான உதவுதொகையின் எல்லை இங்கு புலனாகின்றது. தேவையை அரசும் கொடையாளரும் வரையறுத்தனர். நிபந்தனையை அவர்களே விதித்தனர். கணக்கும் அவர்களிடமே சென்றது. சிறுமியர் ஒருவரோடொருவர் கூடுவதற்கு இத்திட்டத்தில் இடமிருக்கவில்லை. பணம் நின்றபின் எஞ்சியது கல்வி. அது பெரிதே, எனினும் அமைப்பு எதுவும் எஞ்சவில்லை.

4. இலக்கற்ற திட்டமொன்றின் கதை

இதற்கு மாறான அனுபவத்தை இந்தியாவின் மகிளா சமாக்யா திட்டத்திற் காணலாம். 1986 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, நெதர்லாந்து அரசின் உதவியுடன், கர்நாடகம், குஜராத், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் 1980 களின் இறுதியில் இது தொடங்கப்பட்டது. அரச திட்டமாயினும், பெண்கள் இயக்கத்திலிருந்து வந்தோர் அதன் வடிவமைப்பிற் பெரும் பங்காற்றினர். முன்னர் குறிப்பிட்ட பட்லிவாலா கர்நாடக மாநிலத்தில் அதன் முதலாவது பணிப்பாளராக இருந்தவர்.

இத்திட்டத்தின் சிறப்பு இரண்டு மறுப்புகளில் அடங்கியிருந்தது. முதலாவது, முன்கூட்டியே இலக்குகளை நிர்ணயிக்க மறுத்தமை. இத்தனை பேருக்கு எழுத்தறிவு என்ற எண் கிராமத்தின்மீது திணிக்கப்படவில்லை. இரண்டாவது, பெண்களுக்குச் சேவைகளையோ பொருள்களையோ விநியோகிக்க மறுத்தமை. பெரும்பாலும் தலித் பெண்களையும் நிலமற்ற கூலிப் பெண்களையும் கொண்ட கிராமச் சங்கமே திட்டத்தின் அலகாக அமைந்தது. ஏறத்தாழப் பத்துக் கிராமங்களுக்கு ஒரு துணைப் பணியாளர் நியமிக்கப்பட்டார். எதைக் கற்பது, எப்போது கற்பது என்பதைச் சங்கமே தீர்மானித்தது. பல இடங்களிற் பெண்கள் முதலிற் கேட்டது எழுத்தறிவையன்று. குடிநீரையும் குறைந்தபட்சக் கூலியையும் வன்முறையிலிருந்து பாதுகாப்பையுமே. அக்கோரிக்கைகளோடு அரச அலுவலகங்களுக்குச் சென்றபோது, வாசிக்கத் தெரியாமையின் விலையை அவர்களே உணர்ந்தனர். அதன்பின் எழுத்தறிவு அவர்களது கோரிக்கையாயிற்று. குஜராத்தில் 1990 களின் நடுப்பகுதியில் ‘நாரி அதாலத்’ எனப்பட்ட பெண்கள் நீதிமன்றுகள் தோன்றின. சட்டம் பயின்றிராத கிராமப் பெண்கள் அங்கு கூடி, குடும்ப வன்முறை, சீவனாம்சம், சொத்து ஆகிய பிணக்குகளை விசாரித்துத் தீர்த்து வைத்தனர்.

இலக்கிய மாணவர்களாகிய நமக்கு இத்திட்டத்தின் இன்னொரு விளைவு சிறப்பாக அக்கறைக்குரியது. உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்திற் கைக்குழாய்களைப் பழுதுபார்க்கும் பயிற்சி பெண்களுக்கு அளிக்கப்பட்டது. அங்கேயே எழுத்தறிவு வகுப்புகளும் நடைபெற்றன. புதிதாக வாசிக்கக் கற்ற பெண்களுக்கு வாசிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. இருந்தவை நகரத்து இந்தியில் அமைந்தவை. எனவே, 1990 களின் தொடக்கத்தில், அவர்களது பேச்சுமொழியாகிய புந்தேலியில், அவர்களும் பங்குகொண்டு ‘மகிளா டாக்கியா’ என்னும் செய்தித்தாள் தயாரிக்கப்பட்டது. அத்தாள் நின்றபின்னர், அவ்வனுபவத்தின் அடித்தளத்தில், 2002 இல் அயல் மாவட்டமாகிய சித்திரகூடத்திலிருந்து ‘கபர் லகரியா’ தோன்றியது. கிராமப் பெண்களே நிருபர்களாகவும் ஆசிரியர்களாகவும் விநியோகத்தராகவும் செயற்பட்ட இவ்வேட்டின் பணிக்கு 2009 இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. எழுத்து என்பது சாதியாலும் வர்க்கத்தாலும் பாலாலும் காக்கப்பட்ட சொத்தாக இருந்துவந்த ஒரு சமூகத்தில், உற்பத்தியாளர் தமது மொழியிலேயே தமது உலகை எழுதத் தொடங்கியமை பண்பாட்டு வரலாற்றில் ஒரு திருப்பமாகும். எந்த விண்ணப்பத்தின் குறிகாட்டி நிரலிலும் இவ்விளைவை முன்கூட்டியே எழுதியிருக்க முடியாது.

இத்திட்டத்தின் முடிவும் படிப்பினை தருவதே. நெதர்லாந்தின் உதவிக்குப் பின் பிரித்தானியாவின் உதவி வந்தது. காலப்போக்கில் அளவிடத்தக்க விளைவுகளுக்கான கோரிக்கை வலுத்தது. இறுதியில் 2016 இல் மத்திய அரசு இதனைத் தனியான திட்டமாக நடத்துவதைக் கைவிட்டு, சேமிப்பையும் கடனையும் மையமாகக் கொண்ட தேசியக் கிராமிய வாழ்வாதார இயக்கத்தோடு இணைத்துக்கொள்ளுமாறு பணித்தது. கேள்வி கேட்கும் சங்கத்தைவிடக் கடன் பெறும் குழுவே அரசுக்கு வசதியாக இருந்தது என்பதை இதிலிருந்து உணரலாம்.

5. உறுப்பினரிலிருந்து கடனாளிக்கு: இலங்கை அனுபவம்

இவ்விடத்தில் நமது நாட்டின் அனுபவத்தை நோக்குதல் பொருத்தமாகும். கனடாவிற் பிறந்து, மருத்துவராக இங்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்த டொக்டர் மேரி ரட்ணம் 1930 இல் லங்கா மகிளா சமித்தியைத் தோற்றுவித்தார். கனடாவின் கிராமியப் பெண்கள் சங்கங்கள் அதற்கு முன்மாதிரியாக அமைந்தன. சுகாதாரம், போசாக்கு, கைப்பணி ஆகியவற்றில் கருத்தூன்றிய அவ்வியக்கம் மத்தியதர வர்க்கப் பெண்களின் தலைமையிலிருந்து விடுபட்டதன்று; குடும்பத்தினுள் பெண்ணின் இடத்தை அது பெரிதும் வினவவும் இல்லை. எனினும், அதிற் சேர்ந்த கிராமப் பெண் ‘உறுப்பினர்’ எனப்பட்டாள். கூட்டுறவுச் சங்கங்களும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் அதே உறுப்பினர் மரபைச் சார்ந்தவை. உறுப்பினருக்கு வாக்கு உண்டு. கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. ‘பயனாளி’க்கு இவ்விரண்டும் இல்லை.

1977 இன் பின் ஏற்பட்ட திறந்த பொருளாதாரமும், 1978 இல் நிறுவப்பட்ட மகளிர் பணியகமும், பெண்கள் தசாப்தத்தோடு வந்த உதவுதொகைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. யுத்தம் அழித்த வடக்குக் கிழக்கில், 2009 இன் பின்னர், வாழ்வாதார உதவி பெருமளவில் வந்தது. கணவனை இழந்தும், காணாமலாக்கப்பட்டவரைத் தேடியும், குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்கிய பெண்களே அதன் பெயரளவிலான மையமாக இருந்தனர். ஆயின், கோழிக்கூடும் தையல் இயந்திரமும் வழங்கி முடிந்த செயற்றிட்டம் வெளியேறியபின், சந்தையும் மூலதனமும் இன்றி நின்ற அப்பெண்களிடம் நுண்கடன் கம்பனிகள் வந்து சேர்ந்தன.

நுண்கடனின் தத்துவமும் ‘வலுவூட்டல்’ என்னும் அதே சொல்லிலேயே கூறப்பட்டது. முகமது யூனுஸ் 1976 இல் பங்களாதேசத்தின் ஜோப்ரா கிராமத்திற் தொடங்கி, 1983 இல் கிராமீன் வங்கியாக நிறுவனமயப்படுத்திய குழுக்கடன் முறை உலகெங்கும் பின்பற்றப்பட்டது. ஈடு வைக்க எதுவுமில்லாத பெண்கள் குழுவாகச் சேர்கின்றனர். ஒருத்தியின் கடனுக்கு ஏனையோர் பிணை நிற்கின்றனர். இங்கு ஈடாக வைக்கப்படுவது பெண்களிடையேயான உறவே என்பதை உணர்தல் வேண்டும். மகிளா சமாக்யாவில் ஒருத்திக்காகப் பலர் கூடிக் குரல் கொடுத்தனர். குழுக்கடனில் ஒருத்தி தவணை தவறினால் ஏனையோர் அவள் வாசலிற் சென்று நிற்க நேர்கின்றது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ‘பெண்கள் குழு’ எனினும், ஒன்று தோழமையை உருவாக்கியது. மற்றையது தோழமையை வசூற் கருவியாக்கியது.

இதன் விளைவு பொதுப்பதிவில் உள்ளதே. 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் இக்கம்பனிகளுக்கு அனுமதிப்பத்திர முறையைக் கொண்டுவந்தது. 2018 இல், வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட, தவணை தவறிய நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, சில கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 சதவீதம் வரை உயர்ந்திருந்தமையையும், வசூலிப்போரால் பெண்கள் துன்புறுத்தப்பட்டமையையும் சுட்டிக்காட்டினார். 2021 மார்ச் 8 ஆம் திகதி, சர்வதேசப் பெண்கள் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையிற் கடன்பட்ட பெண்கள் தொடங்கிய சத்தியாக்கிரகம் ஐம்பது நாட்களுக்கு மேல் நீடித்தது. கடன்களை இரத்துச் செய்யுமாறு அவர்கள் கோரினர். அவர்களுக்கு எவரும் வலுவை ஊட்டவில்லை. கடன் கம்பனி அவர்களை இணைத்த அதே நிலைமையிலிருந்து, அவர்கள் கம்பனிக்கு எதிராக ஒன்றிணைந்தனர். ‘வலுவூட்டல்’ என்னும் சொல்லின் பழைய பொருள் இப்போராட்டத்திலேயே மீண்டும் உயிர்பெற்றது எனலாம்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளை நாம் பெறலாம்.

முதலாவதாக, உதவுதொகையை முழுமையாக நிராகரிக்கும் நிலைப்பாடு வரலாற்றுக்கு ஒவ்வாதது. மகிளா சமாக்யாவின் பணமும் ஒரு முதலாளித்துவ அரசின் பணமே. பங்களாதேசச் சிறுமியரின் வங்கிக் கணக்கில் உலக வங்கியின் பங்கும் இருந்தது. நிராகரிப்பு என்னும் தூய்மையைப் பேணுவது, மாதச் சம்பளம் பெறும் நம்மைப் போன்றோருக்கு எளிது; பாடசாலையிலிருந்து விலக்கப்படும் சிறுமிக்கு அவ்வாறன்று. சீர்திருத்தங்களைக் கையேற்று, அவற்றினுள் அமைப்பை வளர்ப்பதே தொழிலாளர் இயக்கத்தின் நீண்ட மரபு.

இரண்டாவதாக, உதவுதொகையை அதன் தொகையாலோ வழங்குவோரின் பெயராலோ அன்றி, முன்னர் கூறிய நான்கு வினாக்களாலேயே மதிப்பிடல் வேண்டும். தேவையைப் பெண்களின் கூட்டு வரையறுக்குமாயின், நிபந்தனையை அதுவே ஆக்குமாயின், கணக்கு மேல்நோக்கி மாத்திரமன்றி உறுப்பினர் முன்னிலையிலும் வாசிக்கப்படுமாயின், பணம் நின்றபின்னும் அக்கூட்டு எஞ்சுமாயின், அவ்வுதவுதொகை விடுதலைக்குத் துணைபுரியக்கூடும். இவற்றுள் எதுவும் இல்லையாயின், அது அதிகபட்சம் நிவாரணமாகவும், சில வேளைகளிற் கடனுக்கு முன்னுரையாகவும் அமையும்.

மூன்றாவதாக, கொடையாளரின் விருப்பத்தில் தங்கியிருப்பதன் ஆபத்து அண்மையில் வெளிப்படையாயிற்று. 2025 ஜனவரி 20 இல் ஐக்கிய அமெரிக்காவின் புதிய நிர்வாகம் வெளிநாட்டு அபிவிருத்தி உதவியை இடைநிறுத்த உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலை முதலாம் திகதியுடன் அந்நாட்டின் சர்வதேச அபிவிருத்தி முகவரகம் உதவி வழங்கும் பணியை நிறுத்தியது. தருக்கச் சட்டகத்தை உலகுக்கு அளித்த அதே நிறுவனம் இவ்வாறு மறைந்தபோது, பல நாடுகளிற் பெண்களுக்கான சேவைகள் இடைநடுவில் நின்றன. எடுகோள் நிரலில் எவரும் எழுதியிராத நிலைமை இது. உறுப்பினர்களைக் கொண்ட சங்கம் இத்தகைய அதிர்ச்சியைத் தாங்கக்கூடும். பயனாளிகளைக் கொண்ட செயற்றிட்டம் தாங்காது.

எனவே, முற்போக்குச் சக்திகளின் முன்னுள்ள பணி இருமுகப்பட்டது. கல்வி, சுகாதாரம், குழந்தைப் பராமரிப்பு, கடன் ஆகியன கொடையாகவன்றி உரிமையாக, பொதுநிதியிலிருந்து வழங்கப்பட வேண்டுமெனக் கோருவது ஒன்று. கிராமத்தில் ஏற்கனவே உள்ள மாதர் சங்கங்களையும் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களையும், சாதியாலும் வசதியாலும் ஒதுக்கப்பட்ட பெண்கள் உறுப்பினராகவும் நிருவாகிகளாகவும் பங்குகொள்ளும் அமைப்புகளாக மாற்றுவது மற்றையது. பின்னையது இலகுவானதன்று. கூட்டுறவுச் சங்கத்தின் நிருவாகசபையில் யார் அமர்கிறார், ஆண்டுப் பொதுக்கூட்டம் பெண்கள் வரக்கூடிய நேரத்தில் நடைபெறுகின்றதா, கணக்கறிக்கை அவர்களுக்கு விளங்கும் மொழியில் வாசிக்கப்படுகின்றதா என்பன போன்ற சிறிய வினாக்களிலிருந்தே அது தொடங்க வேண்டியுள்ளது. அவ்வினாக்களைப் பெண்களே எழுப்பும்போதுதான், உதவுதொகை எவ்வழி வந்ததாயினும், அதனைப் பயன்படுத்தும் ஆற்றல் அவர்களுடையதாகும்.